விரற்கடை அளவு விற்ற கதை

அறுபத்து நான்காம் பக்கத்தில் கருங்கீரி உப்பளத்துக் குழிக்குள் கைகால் கட்டப்பட்டுக் கிடக்கிறான். தண்ணீர் கழுத்துவரை ஏறிவிட்டது. மேலே நின்றுகொண்டு கட்டுவிரியன் கந்தப்பன் சிரிக்கிறான். பக்கத்தைப் புரட்டினால் கருங்கீரி நெல்லை ஜங்ஷனில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான். பக்க எண் எண்பத்தொன்று.

நான் புத்தகத்தை மூடிவிட்டு மறுபடியும் திறந்தேன். அதே டீ. அடுக்கிலிருந்து இன்னொரு பிரதியை உருவிப் பார்த்தேன். அதிலும் டீ. அடியிலிருந்து ஒன்றை இழுத்தேன். அதிலும் அந்தப் பாவி நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பாளையங்கோட்டையில் புத்தகத் திருவிழா தொடங்கி, ரிப்பன் வெட்டிய கைதட்டல்கூட அடங்கவில்லை. எங்கள் கடை முன்னால் அதற்குள் ஆள் கூடிவிட்டது. வந்தவர்கள் எல்லோர் கையிலும் கருங்கீரி சிறப்பு மலர்.

இந்தப் பத்தியில் போன வாரம் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, ‘உங்களுக்கென்ன டீச்சர், எழுதுவதெல்லாம் விற்கிறது, கவலையில்லாத பிறவி’ என்று ஒரு அன்பர் சொல்லியனுப்பியிருந்தார். இந்த வாரம் அவருக்காகத்தான்.

கீரியும் வடகாலும்

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். பிழைப்பு அது. மற்ற நேரத்தில் சித்திரக்கதை எழுதுகிறேன். கீரி முகமூடி போட்டுக்கொண்டு, பாம்புப் பெயர் வைத்த கெட்டவர்களை அடித்து நொறுக்கும் கருங்கீரி என்னுடைய பிள்ளை. கட்டுவிரியன் கந்தப்பன், சாரை சம்முகம், கண்ணாடிவிரியன் காந்திமதி எல்லாம் என் கைவரிசை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சபை மூப்பர்கூட அடுத்தது என்ன பாம்பு என்றுதான் கேட்பார்.

படம் போடுகிறவன் மீரான். மேலப்பாளையத்துக்காரன். ஷார்ஜாவில் சில வருஷம் கடைப் பலகைகளுக்கு வரைந்து கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, ஊரோடு இருந்துகொள்கிறேன் என்று திரும்பி வந்தவன். அவன் கை தங்கமான கை. அதைச் சொல்ல எனக்கு எப்போதும் தயக்கம் இருந்ததில்லை.

புத்தகம் போடுகிறவர் சங்கரபாண்டி அண்ணாச்சி. ஜங்ஷனில் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், கொடை விழா நோட்டீஸ், நடுவில் நாங்கள். அண்ணாச்சியின் தகப்பனார் பூ வியாபாரி. அந்தப் பழக்கம் பிள்ளையை விடவில்லை. எந்தப் புத்தகம் எவ்வளவு போனது என்று கணினியில் பார்க்க மாட்டார். காலையில் அடுக்கின உயரம் மனசில் இருக்கும். சாயங்காலம் அடுக்கின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்து, “கீரி ரெண்டு முழம் போயிருக்கு” என்பார். சாண் என்பார், ஒரு விரல் அகலமென்றால் விரற்கடை என்பார். ஒருநாளும் பிசகினதில்லை. உள்ளே என்ன கதை என்று மட்டும் கேட்டால் தெரியாது. எங்கள் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட அவர் படித்ததில்லை. படித்தால் பாசம் வந்துவிடும், வியாபாரம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி.

இவ்வளவும் கருங்கீரியின் சங்கதி. எங்களுக்கு இன்னொரு புத்தகம் உண்டு. பெயர் ‘வடகால்’. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரிகிற வாய்க்காலின் கடைசிமடையில் இரண்டு பெண்கள். நாத்தனார்கள். தண்ணீர்ப் பங்கில் பேச்சு முறிந்து, ஆளுக்கொரு கரையில் வாழை வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்தபடியே வருஷக்கணக்கில் வாழ்கிறார்கள். முகமூடி இல்லை, பாம்பு இல்லை. அதை எழுதும்போது எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது. மீரானோ வாரந்தவறாமல் ஸ்ரீவைகுண்டம் போய்க் கரையில் உட்கார்ந்து, வாழை இலையின் நிழல் தண்ணீரில் விழுவதை வரைந்து வந்தான்.

வெளியிட்ட வருஷம் அது விற்றது ஒரு விரற்கடை.

அதனால் என்ன, நல்லது விற்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வார்த்தையில் ஒரு சுகம் இருக்கிறது. இலைபோட்டுச் சாப்பிட்டது போல வயிறு நிறைந்துவிடும். கீரி விற்கும்போது எனக்குக் கூச்சம். வடகால் விற்காதபோது கொஞ்சம் பெருமை. கேடுகெட்ட பெருமைதான், ஆனால் அதைவைத்துத்தான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மச்சான் அனுப்பிய விசா

இந்தத் திருவிழாவுக்கு முன்னால் மீரானுக்கு ஷார்ஜாவிலிருந்து அவன் மச்சான் விசா அனுப்பியிருந்தார். பழைய வேலைதான், சம்பளம் கூடுதல். அவனுக்குப் போக மனசில்லை. வடகால் இரண்டாம் பாகம் உண்டு என்றால் இருந்துவிடுகிறேன், கீரியை மட்டும் வரைந்துகொண்டு இங்கே உட்கார என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டான். மச்சானுக்குத் திருவிழா முடிந்ததும் பதில் சொல்லவேண்டும்.

நான் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அவர் யோசித்துவிட்டு, மீதமிருக்கிற வடகால் எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டுவந்து அடுக்குவோம், ஒரு சாண் போனால் இரண்டாம் பாகத்துக்குக் காகிதம் எடுக்கிறேன், போகாவிட்டால் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்றார். நியாயமான பேச்சு. ஆக, ஒரு சாண் உயரத்தில் என் மீரான் தொங்கிக்கொண்டிருந்தான். அவனை விட்டால் எனக்கு வேறு கை கிடையாது.

இந்தக் கவலையோடு கடைக்கு வந்து உட்கார்ந்தவளுக்குத்தான் அந்த டீ கிளாஸ் காட்சி கொடுத்தது.

காணாமல்போன பதினாறு பக்கம்

நடந்தது இதுதான். புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக ஒரு பெரிய தாளில் அச்சடித்து மடிப்பார்கள். அதற்குப் பெயர் ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கி, முதுகில் பசை தடவி அட்டை ஒட்டினால் புத்தகம். கல்யாண முகூர்த்தம் நெருங்கின அவசரத்தில், ஐந்தாவது ஃபாரத்தின் மேல் யாரோ பத்திரிகைக் கட்டுகளை இறக்கி வைத்துவிட்டார்கள். அடுக்கினவர்கள் கண்ணில் அது படவேயில்லை. நாலுக்குப் பிறகு ஆறு. எல்லாப் பிரதியிலும்.

அண்ணாச்சியின் காதில் போய்ச் சொன்னேன். முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. பிறகு என்னை ஓரமாக நகர்த்திக்கொண்டு போய், “பைய பேசுங்க டீச்சர். திருப்பிக் கொண்டாந்தா மாத்திக் குடுப்போம். ஆனா ஒருத்தரும் வரமாட்டாவ. எல்லாம் உறையில போட்டு அலமாரியில வைக்கதுக்கு வாங்குதாவ, எவன் பிரிச்சுப் பாக்கான்?” என்றார்.

மீரானுக்குக் கோபம் வந்துவிட்டது. “இது ஹராம் அண்ணாச்சி, சொல்லிப்புடணும்” என்று ஒரே பிடியாக நின்றான். மறுநாளே அண்ணாச்சி இறங்கி வந்தார். அச்சகத்தில் கிடந்த ஃபாரங்களை மடித்து எடுத்துவந்து மேசையில் வைத்தார். ‘கருங்கீரி வாங்கியவர்கள் விடுபட்ட பக்கங்களைப் பெற்றுக்கொள்ளவும், பொறுத்தருளவும்’ என்று மீரான் அழகாக எழுதித் தொங்கவிட்டான். புதிதாக வாங்குகிறவர்களுக்குப் புத்தகத்துக்குள்ளேயே செருகிக் கொடுத்தோம்.

அதன் பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. முதல் நாள் வாங்கினவர்கள்தான் ஏராளம். யாராவது வந்து, காசு வாங்கிக்கொண்டு கழுத்தறுத்தாயே என்று சண்டைபோடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். வேகமாக நடந்து வருகிற ஒவ்வொரு ஆளும் என்னை நோக்கித்தான் வருகிறார் என்று தோன்றும். அவர் நேரே மிளகாய் பஜ்ஜிக் கடைக்குப் போவார்.

ஒருவரும் வரவில்லை.

இரண்டு நாள் போனது. களக்காட்டிலிருந்து வந்த ஒருவர் முதல் நாளே இரண்டு பிரதி வாங்கினவர், படிக்க ஒன்று, பாதுகாக்க ஒன்று. மறுபடியும் வந்தார். அவர் பிரமாதம் டீச்சர், உங்கள் வாழ்க்கையிலேயே சிறந்த கருங்கீரி இதுதான் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். உப்பளத்துக் குழிக்கட்டம் எப்படி இருந்தது என்று பயந்து பயந்து கேட்டேன். அபாரம் என்றார். விடுபட்ட ஃபாரத்தை நீட்டினேன். வாங்கி, மடித்து, மகளுக்கு வாங்கின தேன்குழலுக்கு அடியில் தாங்கலாக வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதுவரை யாராவது வந்துவிடுவார்களோ என்று பயந்தேன். அதற்குப் பிறகு ஒருத்தர்கூட வரமாட்டார்களோ என்று பயம் பிடித்துக்கொண்டது. இது பெரிய பயம். பதினாறு பக்கம், அதுவும் கதையின் உயிரான பதினாறு பக்கம், இல்லாமலே போனாலும் முழம் முழமாக விற்கிறது என்றால் நான் எதற்கு இத்தனை வருஷம் எழுதினேன்? வெறும் அட்டையை விற்றிருக்கலாமே.

மேசையின் அந்தக் கோடியில் வடகால் அடுக்கு அசையாமல் நின்றது. போகிறபோதெல்லாம் நான் அதில் கையை வைத்து அளந்து பார்த்துக்கொண்டேன்.

வக்கீலம்மா

திருவிழா முடிவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு பெண்மணி வந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். கருங்கீரியை மேசையில் போட்டார். அட்டை மடங்கி, ஓரம் கசங்கி, நன்றாகப் படிக்கப்பட்ட புத்தகம். அதைப் பார்த்ததுமே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வக்கீல், பெயர் ராஜேஸ்வரி, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் செந்தூர் ரயிலில் கோர்ட்டுக்கு வருகிறவர். கருங்கீரி குழியிலிருந்து எப்படி வெளியே வந்தான் என்று அவர் பெட்டியில் நாலு நாளாக வழக்கு நடக்கிறதாம். நான் மன்னிப்புக் கேட்டு ஃபாரத்தைக் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே, என் கண்ணெதிரே படித்தார். எழுதினவள் முன்னால் நின்று ஒருவர் படிப்பதைப் போலக் கொடுமை உலகத்தில் கிடையாது. பல் பிடுங்குவது தேவலை.

படித்து முடித்து நிமிர்ந்தார். முகமூடியிலிருக்கிற இரும்புப் பல்லால் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டானா, இவ்வளவுதானா என்று கேட்டார். அவர்கள் பெட்டியில் ஜோடித்த கதை வேறு. உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் சேர்ந்து அவனைத் தூக்கிவிடுகிறார்கள். தூக்கும்போது முகமூடி கழன்றுவிடுகிறது. அவன் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துபோகிறது. ஒருத்தியும் வெளியே சொல்வதில்லை. அதனால்தான் அந்த டீ அவனுக்கு அப்படி இனிக்கிறதாம்.

நல்ல கதை. என் கதையைவிடப் பலமடங்கு நல்ல கதை. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கிருந்தது ஒரே வழிதான். வடகாலை எடுத்து அவர் முன்னால் வைத்து, கீரி சும்மா பிழைப்புக்கு, என் எழுத்து என்றால் இதுதான் என்றேன்.

அது வெளிவந்த வருஷமே அவர் வாங்கிப் படித்திருந்தார். அவர் ஊர்க் கதையல்லவா. நடுப்பக்கத்தைத் திறந்தார். எனக்குப் பிடித்த பக்கம் அது. இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம். விடியற்காலம், வாய்க்கால், இந்தக் கரையில் ஒருத்தி, அந்தக் கரையில் ஒருத்தி. தண்ணீரைப் பற்றியும் மனசைப் பற்றியும் நான் எழுதியிருந்த வரிகள் கட்டம் கட்டமாக அந்தப் படத்தின் மேல்.

“ரெண்டு பேரும் பேசாம நிக்கதுதான் கதை,” என்றார் வக்கீலம்மா. “நீங்க நடுவுல நின்னுக்கிட்டு பேசிக்கிட்டே இருக்கிய.”

திட்டுகிற குரல் இல்லை. கோர்ட்டில் ஒரு சங்கதியைச் சொல்வது போலச் சொன்னார். அந்தப் புத்தகத்தில் படிக்கிற எங்களுக்கென்று ஒன்றையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை, பதினாறு பக்கம் இல்லாத கீரியில்தான் எங்களுக்கு இடம் இருந்தது என்றார். விடுபட்ட ஃபாரத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தண்ணீருக்கு அடியில்

முதலில் வந்தது கோபம்தான். இவருக்கு இலக்கியம் என்ன தெரியும், நாலு செக்ஷனை மனப்பாடம் செய்தவர் என்று உள்ளுக்குள் பொரிந்தேன். திரும்பினால் மீரான் பின்னால் நின்றான். எல்லாம் கேட்டிருந்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

உனக்கும் அப்படித்தான் தோன்றியதா என்று கேட்டேன். பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து அந்த நடுப்பக்கத்தைத் திறந்தான். அதில் படம் ஒரு அடுக்கு, என் எழுத்து அதற்கு மேல் இன்னொரு அடுக்கு. விரலால் ஒரு தட்டுத் தட்டினான். என் எழுத்து எல்லாம் போய்விட்டது.

கட்டங்களுக்கு அடியில் வெற்றிடம் இருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எழுத்து மூடப்போகிற இடத்தில் எவன் மெனக்கெட்டு வரைவான்? அவன் வரைந்திருந்தான். தண்ணீர் முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. வாழை நிழல் கரையிலிருந்து கரைவரை விழுந்திருந்தது. அந்த நிழல் ஒருத்தியின் காலில் தொடங்கி மற்றவளின் காலில் போய் முடிந்தது. அதை நான் பார்த்ததே இல்லை. என் வரிகளுக்குக் கீழேயே அது இருந்திருக்கிறது.

“சொல்லியிருக்கலாமேப்பா,” என்றேன்.

“எப்படிக்கா சொல்ல,” என்றான் மீரான். “நீங்க அத எழுதும்போது அழுதிய.”

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. விற்காததனால் நல்லது என்று நினைத்திருந்தேன். கீரி விற்றதற்கு நான் காரணமில்லை என்பது தெரிந்த அதே வாரத்தில், வடகால் விற்காமல் போனதற்கு நான்தான் காரணமோ என்ற பயமும் வந்து சேர்ந்தது. உண்மையில் அது எனக்கு இன்றுவரை தெரியாது. எழுத்தே இல்லாமல் வந்திருந்தாலும் விரற்கடைதான் போயிருக்குமோ என்னவோ. விற்பனையை வைத்து எழுத்தை அளப்பதும் தப்பு, விற்காததை வைத்து அளப்பதும் தப்பு என்பது மட்டும் உறைத்தது. அளக்க வேறு கோல் இல்லாதவள் என்ன செய்வாள்?

பொறவு?

கடைசி நாள் சாயங்காலம் அண்ணாச்சி அளந்தார். கருங்கீரி ஆள் உயரம் போயிருந்தது. வடகால் அடுக்கின் பக்கத்தில் கையை வைத்தார், விரலை மடக்கினார், என்னைப் பார்த்தார். விரற்கடை. அதிலும் ஒன்று நானே என் தங்கைக்கு வாங்கினது. அவர் முகத்திலும் சந்தோஷமில்லை. அளவு அளவுதான் டீச்சர் என்றார்.

மீரான் தலையைக் குனிந்துகொண்டு பெட்டி கட்டினான். மச்சானிடம் நாலு நாள் தவணை கேள் என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். டீச்சர் கெஞ்சிப் பார்த்திராதவன் சரி என்றான்.

இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தை நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். அதிலிருந்து என்னை ஒவ்வொரு வரியாக வெளியே தள்ளினேன். சும்மா சொல்லக்கூடாது, தோலை உரிக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் மிஞ்சினது என்ன நடக்கிறது என்கிற குறிப்பு மட்டும். வாய்க்காலில் ஒரு குடம் மிதந்து வருகிறது. இந்தக் கரைக்காரி அதை எடுக்கிறாள். அது அந்தக் கரைக்காரியின் குடம். அவளை எங்கேயும் காணோம். அவ்வளவுதான். படிக்க நன்றாகவும் இல்லை. மீரானிடம் கொடுத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் பள்ளி விட்டதும் நேரே அச்சகத்துக்குப் போனேன். மீரான் வரைந்ததைத் தாளில் அச்செடுத்து அண்ணாச்சியின் மேசையில் வைத்திருந்தான். ஒரு எழுத்து இல்லை. அண்ணாச்சி கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு தாள்களை எடுத்தார். அந்தப் பேச்சே கூடாது என்றவர்தான், ஆனாலும் பழக்கதோஷத்தில் எத்தனை பக்கம், என்ன காகிதம் ஆகும் என்று பார்க்கத்தான் எடுத்தார். வழக்கம்போல விரலால் சரசரவென்று தள்ளப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சரசரவென்ற சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன். அண்ணாச்சி முதல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்தது. குடம் வருகிற பக்கத்தில் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கடைசித் தாளில் வெறும் கரையையும், அங்கே கிடந்த ஒற்றைச் செருப்பையும் வெகுநேரம் பார்த்தார். தாளைப் புரட்டினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

“பொறவு?” என்றார் அண்ணாச்சி.

மீரானின் சட்டைப்பையில் போன் அடித்தது. மச்சான். எனக்கு அது அவன் எடுத்துப் பார்க்காமலே தெரிந்தது. அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கரைக்காரிக்கு என்ன ஆயிற்று, செருப்பு ஏன் அங்கே கிடக்கிறது, குடம் எப்படி வந்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட எனக்கு வாய் துடித்தது. கணக்கு டீச்சரல்லவா, கேள்வி கேட்டால் விடை சொல்லித்தான் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மீரான் போனை வெளியே எடுத்து, பேசாமலே அணைத்தான். அண்ணாச்சியின் கையிலிருந்து அந்தக் கடைசித் தாளை மெல்ல வாங்கிக்கொண்டான்.

“வரைஞ்சு கொண்டாரேன் அண்ணாச்சி,” என்றான். “அங்கன பாத்துக்கிடுங்க.”